64 எம்பி போர்ட்ஃபோலியோவுக்கு ஏன் பதில் வருவதில்லை?

கேள்வி: பி.ஆர்க். (கட்டடக்கலை) நான்காம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த செமஸ்டர் பிராக்டிகல் டிரெய்னிங். ஜெர்மனியில் பல கட்டடக்கலை அலுவலகங்களுக்கு, என் வேலைகளைத் தொகுத்த 52 பக்க போர்ட்ஃபோலியோ (64 எம்பி) அனுப்பியும் ஒரு பதிலும் இல்லை. 40,000 ரூபாய் கட்டினால் போர்ட்ஃபோலியோவும் செய்து இடமும் வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்சி சொல்கிறது. கட்டலாமா?
- மாணவி, கோவை

பதில்: கட்டாதீர்கள். ஒழுங்கான எந்த அலுவலகமும் பயிற்சிக்கு வருகிறவரிடம் பணம் கேட்காது; இடைத்தரகருக்குப் பங்கும் கொடுக்காது. இவர்கள் செய்வது, ஒரே டெம்ப்ளேட்டில் எல்லோருடைய ஷீட்டையும் கொட்டி, ஆட்டோகேட் 90 சதவீதம், ரைனோ 75 சதவீதம் என்று வரைபட மென்பொருள் திறமைக்குப் பட்டை போட்டு, நூற்றுக்கணக்கான முகவரிகளுக்கு ஒரே மெயிலாகத் தட்டிவிடுவது. ஒரே முகப்போடு இரண்டு கோப்பு போனாலே அலுவலகத்தில் தெரிந்துவிடும். அதன்பின் உங்கள் பெயரையே திறக்க மாட்டார்கள். 'சீட் கன்ஃபர்ம்' செய்ய டெபாசிட் கேட்டு ஆஃபர் லெட்டர் வந்தால், அனுப்பிய மெயில் முகவரியைப் பாருங்கள். அலுவலகத்தின் இணையதள முகவரியில் முடியாமல் ஜிமெயிலில் முடிந்தால், அந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள்.

பதில் வராததற்கு முதல் காரணம் கோப்பின் எடை. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. அது டிரைவ் லிங்காக மாறிவிடும். அனுமதி சரியாகக் கொடுக்காத லிங்க் என்றால் எதிர்முனையில் 'அனுமதி கேளுங்கள்' என்றுதான் வரும். கேட்டுக்கொண்டிருக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. 10 எம்பிக்குள், ஒரே பிடிஎஃப், ஏ4 படுக்கைவாட்டில், 20 பக்கத்துக்குள் அனுப்புங்கள். இதைவிடக் குறைவாக அலுவலகம் கேட்டிருந்தால் அதுதான் கணக்கு.

இரண்டாவது காரணம், ஜூரிக்கு (கல்லூரியில் வேலையை மதிப்பிடும் குழு) ஒட்டிய ஏ1 ஷீட்டை அப்படியே சுருக்கிப் போடுவது. ஏ1 ஏ4 ஆகும்போது நீளம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிறது. 1:100 பிளான் 1:283 ஆகிவிடும். 2.5 மிமீ எழுத்து 0.9 மிமீ ஆகும், 0.13 மிமீ கோடு கண்ணிலேயே படாது. பிளானில் 'அளவு 1:100' என்று வேறு எழுதியிருப்பீர்கள், அது இப்போது பொய். ஒவ்வொரு படத்தையும் ஏ4-க்கென்று மறுபடி தயார் செய்யுங்கள்: வெட்டுப்பட்ட சுவருக்கு 0.5, தெரியும் விளிம்புக்கு 0.25, தரை டைல் போன்றவற்றுக்கு 0.1 மிமீ. விகிதத்துக்குப் பதில், படத்தோடு சேர்ந்தே சுருங்கும் அளவுக்கோடான ஸ்கேல் பார் போடுங்கள். கார், மரம், சோபா போன்ற ஆயத்தப் பட பிளாக்குகளைப் பாதிக்குமேல் எடுத்துவிடுங்கள்.

பிளான், செக்ஷனை (கட்டடத்தை வெட்டிக் காட்டும் வரைபடம்) ஜேபெக்காக ஒட்டாமல் பிடிஎஃப் ஆகவே, பக்கம் அமைக்கும் இன்டிசைனில் வையுங்கள். பெரிதாக்கினாலும் கோடு மங்காது. ஹேட்ச் (நெருக்கமாக நிரப்பிய கோடுகள்) நிறைந்த சைட் பிளான் மட்டும் பக்கத்தைத் திணறவைக்கும். அதை 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) படமாக மாற்றிக்கொள்ளுங்கள். போட்டோ, ரெண்டருக்கு (கணினியில் செய்த தத்ரூபப் படம்) 150 பிபிஐ போதும்.

என்னென்ன வைப்பது? நான்கு வேலை. அதில் ஒன்றை முழுசாக ஆறு பக்கத்தில்: சைட், பிளான், செக்ஷன், ஒரு டீட்டெய்ல், மாடல் போட்டோ, முடிவுக்கு வந்த வழியைக் காட்டும் கைவரைபடம். நம் கல்லூரிகளில் ரெண்டர் பளபளப்பாக இருந்தால் ஜூரி முடிந்தது; செக்ஷனை யாரும் பார்ப்பதில்லை. அதனாலேயே மாணவர்கள் ரெண்டரை மட்டும் அடுக்குகிறார்கள். அலுவலகத்தில் உங்களிடம் முதலில் தரப்போவது மாடல் வெட்டுவதும் வரைபடம் திருத்துவதும். மூன்றாம் ஆண்டில் போட்ட மாடிப்படி டீட்டெய்ல் ஒன்று, பத்து ரெண்டரைவிடப் பேசும்.

குழு வேலையை வைக்கலாமா என்பது எல்லோரும் தடுக்கி விழும் இடம். கட்டடக்கலை மாணவர் சங்கமான நாசா நடத்தும் லூயி கான் டிராஃபி போட்டிக்காக வகுப்பே சேர்ந்து ஒரு பழைய ஊரை அளந்து வரைந்திருந்தால் தாராளமாக வையுங்கள். ஆனால் 'குழு வேலை' என்ற ஒற்றை வரி போதாது. எத்தனை பேர், அதில் உங்கள் கை பட்டது எது என்று படத்துக்குப் படம் எழுத வேண்டும்: 'தெரு எலிவேஷன்: நான் அளந்தேன், நான் வரைந்தேன், ஐசோமெட்ரிக் (முப்பரிமாண வரைபடம்): நண்பர்.' நண்பர் வரைந்ததை, சூழல் புரிவதற்காக ஒன்று மட்டும், சிறிதாக வையுங்கள். அதே ஐசோமெட்ரிக்கை அவரும் அதே அலுவலகத்துக்கு அனுப்பியிருப்பார். நேர்காணலில் ரைனோ ஃபைலைத் திறந்து காட்டச் சொன்னால் யாருடையது என்று உடனே தெரிந்துவிடும். குழுவில் நீங்கள் ஒருங்கிணைப்பு மட்டும்தான் செய்தீர்கள் என்றால் அது சிவியில் ஒரு வரி. போர்ட்ஃபோலியோவில் அதற்கு இடமில்லை.

ஜெர்மனிக்கு ஒன்று. வெளிநாட்டுக் கல்லூரி மாணவர், நான்காம் செமஸ்டருக்குப் பிறகு, படிப்புக்குத் தொடர்புள்ள பயிற்சியை ஓராண்டு வரை செய்ய அங்குள்ள விதி இடம் தருகிறது. அதற்கு அந்நாட்டு வேலைவாய்ப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். பாடத்திட்டத்தின் கட்டாயப் பயிற்சி குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துக்குள் வராது என்பதால், செலவுக்கு என்ன தருவார்கள் என்று முன்பே கேளுங்கள்.

இதற்கெல்லாம் கல்லூரிக் கடிதம் வேண்டும். 'இவர் எங்கள் மாணவி' என்று ஒரு வரி போனஃபைடைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அதற்கே பல நாள் இழுத்தடிப்பார்கள். அது எதற்கும் உதவாது. எத்தனையாவது செமஸ்டர், பயிற்சி கட்டாயம், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி ஆகிய நான்கும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். வாசகத்தை நீங்களே டைப் செய்து எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்குங்கள். அந்த இரு தேதிகளும் உங்கள் மெயிலின் முதல் வரியிலேயே இருக்கட்டும்.