பாக்கி வைத்தவர் இருவர், பழி யாருக்கு?

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டிய சின்ன வீட்டில் குடியிருந்த வடமாநிலப் பையன்கள் இருவர், இரண்டு மாத வாடகையும் கரண்ட் பில்லும் கட்டாமல் போய்விட்டார்கள். இப்போது ஒடிசாவிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி கேட்கிறார்கள். "இந்த ஆட்களுக்கு விடுவதில்லை" என்று சொல்லிவிட்டேன். "செட்டியார்னாலே வட்டிக்காரர்னு யாராவது சொன்னா மட்டும் உங்களுக்குக் கோபம் வருதே ஆத்தா" என்கிறாள் மகள். பட்ட அனுபவத்தைச் சொல்வது தப்பா?
- ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, நட்டம் உங்களுடையது, கோபமும் நியாயமானது. ஆனால் இந்த வழக்கில் நான் மகள் பக்கம்.

அவள் எடுத்த உதாரணத்தையே பார்ப்போம். நகரத்தார், அதாவது உங்கள் செட்டியார் சமூகத்தார், பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் அவர்கள் கையில் இருந்தது ஏறத்தாழ 6 சதவீத நிலம். 1938-இல் அது 25 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கொடுத்த கடன் திரும்பவில்லை, அடமான நிலம் வந்து சேர்ந்தது. இதை யார் சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம். எந்த நாடு, எந்த ஆண்டு, எவ்வளவு, எதனால் என்று எல்லாம் அந்தப் பேச்சில் இருக்கிறது. தவறு என்றால் ஆதாரம் காட்டித் திருத்தவும் முடியும். "செட்டியார்னாலே நிலத்தை விழுங்குறவர்" என்னும்போது ஆண்டும் காரணமும் உதிர்ந்துபோகின்றன. ரங்கூனைக் கண்ணால் பார்க்காத, காரைக்குடியில் பாடம் நடத்தும் டீச்சர் தலையிலும் அந்தப் பழி விழுகிறது. செட்டிநாட்டுப் பெரிய வீட்டைப் பார்த்ததும் பணம் கொட்டிக் கிடக்கிறது என்று வெளியூரார் நினைப்பதும் இதே ரகம்தான். ஒரே வீட்டில் எத்தனை புள்ளிக்கு, அதாவது எத்தனை குடும்பத்துக்குப் பங்கு, ஓடு மாற்றக்கூட எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத்தானே தெரியும்!

அப்படியென்றால் வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றிப் பொதுவாக எதுவுமே சொல்லக்கூடாதா? சொல்லலாம். கான்ட்ராக்டர் மூலம் வருபவர்களில் பலர் வேலை முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். வருடக்கணக்கில் ஒரே வீட்டில் இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. இது நியாயமான கணிப்பு. அதற்குக் காரணம் அந்த வேலை. கேரளாவுக்குப் போகும் நம்மூர்க் கொத்தனாருக்கும் இது பொருந்தும். ஆனால் இந்தத் தம்பதி அப்படிப்பட்டவர்களா என்பதை அவர்களிடம் கேட்டால்தான் தெரியும். நீங்கள் கேட்கவே இல்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இத்தனை வருடத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர்கூடவா பாக்கி வைக்கவில்லை? வைத்திருந்தால் அவர் பேரைச் சொல்லித்தான் திட்டியிருப்பீர்கள், சிவகங்கை மாவட்டத்தையே திட்டியிருக்க மாட்டீர்கள். வெளியூர்க்காரர் செய்தால் மட்டும் பேர் மறந்துபோய், பழி மாநிலத்தின் மேல் ஏறிவிடுகிறது. மனம் செய்கிற இந்த அநியாயம் நம் கண்ணுக்கே தெரிவதில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

அவர்களை அழைத்துப் பேசுங்கள். எங்கே வேலை, எவ்வளவு காலம் இருப்பார்கள் என்று கேளுங்கள். வேலை கொடுத்தவரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். ஆதார் நகல் வாங்கி, 11 மாத ஒப்பந்தம் எழுதுங்கள். கரண்ட் பில் கட்டிய ரசீதை மாதாமாதம் காட்டச் சொல்லுங்கள். முன்பணம் உள்ளூர்க்காரரிடம் எத்தனை மாதத்துக்கு வாங்குவீர்களோ அத்தனைக்கே வாங்குங்கள். போனவர்கள் வைத்த பாக்கியை இவர்கள் கணக்கில் ஏற்ற வேண்டாம். கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லையென்றால் தாராளமாக மறுத்துவிடுங்கள். மகளும் குறை சொல்ல மாட்டாள்.