கல்லூரி ஆங்கில வகுப்பில் இருந்து விலக்குக் கேட்கலாமா?

கேள்வி: பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழியில் முடித்தவன் நான். இப்போது எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் நடக்கும் கல்லூரியில் முதலாண்டு. சேர்ந்தவுடன் ஒரு தேர்வு வைத்து, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கான எழுத்து வகுப்பில் போட்டுவிட்டார்கள். நண்பர்கள் எல்லோரும் வழக்கமான ஆங்கில வகுப்பில் இருக்கிறார்கள். நான் ஆங்கிலம் நன்றாகவே பேசுவேன். பகுதிநேர வேலையில் பேச்செல்லாம் ஆங்கிலம்தான். இந்த வகுப்புக்குப் போவது அவமானமாக இருக்கிறது. ஒரு பருவம் வீணாகிவிடுமோ என்றும் பயம். விலக்குக் கேட்கலாமா?

பதில்:

அன்புத் தம்பிக்கு,

இப்போதைக்கு விலக்குக் கேட்காதீர்கள். அதற்காக, போட்ட இடத்தில் எதுவும் விசாரிக்காமல் உட்காரவும் வேண்டாம்.

நீங்கள் நன்றாகப் பேசுவீர்கள் என்பதை நம்புகிறேன். ஆனால் பேச்சு ஆங்கிலம் வேறு, பாடநூலும் கட்டுரையும் கேட்கிற ஆங்கிலம் வேறு. ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் 1979-லேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். கனடாவில் குடியேறிய குடும்பங்களின் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய தரவுகளைப் பார்த்தபோது, அன்றாடப் பேச்சு சுமார் 2 ஆண்டுகளில் கைவந்துவிடுகிறது. படிப்புக்கான மொழியில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகின்றன என்றார். வேலையிடத்தில் தடுமாறாத நீங்கள் கட்டுரைத் தாளின் முன் தடுமாறினால் அது உங்கள் அறிவின் குறை இல்லை. அந்த மொழியோடு புழங்க இதுவரை வாய்ப்புக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற மொழி ஆய்வாளர் 2000-இல் கல்வி நூல்களுக்கென்று ஒரு சொற்பட்டியல் வெளியிட்டார். பொதுவாக அதிகம் புழங்கும் முதல் 2,000 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) ஒதுக்கிவிட்டு, பல துறை நூல்களிலும் திரும்பத் திரும்ப வருகிற 570 சொற்குடும்பங்களைத் திரட்டியிருந்தார். அனலைஸ், கான்செப்ட், எவிடன்ஸ், ஃபேக்டர் மாதிரியான சொற்கள். கல்வி நூல்களில் ஏறக்குறைய பத்துச் சொல்லுக்கு ஒன்று இந்தப் பட்டியலைச் சேர்ந்ததாக இருக்கிறது. அரட்டையில் இவை அவ்வளவாக வருவதில்லை. உங்கள் துறைப் பாடத்தைப் படிக்கும்போது இவற்றை வாக்கியத்தோடு குறித்து வையுங்கள். தனிச்சொல்லாக மனப்பாடம் செய்தால் எழுதும்போது கைக்கு வராது.

அடுத்தது கட்டுரையின் அமைப்பு. நம்மில் பலர் கட்டுரையைத் தொலைவில் இருந்து தொடங்கப் பழகியிருக்கிறோம். தூக்கமும் கைப்பேசியும் என்று தலைப்புக் கொடுத்தால், ‘மனித வாழ்வில் அறிவியல் ஆற்றிய பங்கு அளப்பரியது’ என்று ஆரம்பித்து, மூன்றாம் பக்கத்தில்தான் நம் கருத்துக்கு வருவோம். கல்லூரி ஆங்கிலக் கட்டுரை பெரும்பாலும் அதை முதல் பத்தியிலேயே எதிர்பார்க்கும். ‘விடுதிகளில் இரவு இணையத்தை நிறுத்துவதால் மட்டும் மாணவர்களின் தூக்கம் சரியாகிவிடாது’ என்று நேராகச் சொல்ல வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பத்தியும் அந்த ஒரு வாக்கியத்துக்குச் சான்று தர வேண்டும். இது வெறும் வழக்கம்தான். ஆனால் யாரும் சொல்லித் தராவிட்டால், நல்ல கருத்து இருந்தும் மதிப்பெண் போய்விடும். வழக்கமான வகுப்பில் இது ஏற்கெனவே தெரிந்ததாகவே வைத்துப் பாடம் நடக்கலாம்.

மேற்கோள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நூலில் உள்ள வாக்கியத்தில் நாலு சொல்லை மட்டும் மாற்றிப் போட்டால் அதையும் திருட்டு என்றே எடுத்துக்கொள்வார்கள். தேர்ச்சியே கைவிட்டுப் போகலாம். நூலை மூடிவிடுங்கள். படித்ததை ஒரு நண்பருக்குச் சொல்வதுபோல் சொல்லிப் பாருங்கள், தமிழில் சொன்னாலும் சரி. சொன்னதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிறகு நூலைத் திறந்து பொருள் மாறவில்லையா, வாக்கியம் அப்படியே வந்துவிட்டதா என்று ஒப்பிடுங்கள். ஆசிரியர் பெயரும் ஆண்டும் அங்கேயே சேர்த்துவிடுங்கள், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

இலக்கணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘எ’ (a), ‘தி’ (the) போன்ற சொற்கள் தமிழில் இல்லை. அதனால் அந்தப் பிழைகள் பல ஆண்டுகள் கூடவே வரும். அவற்றுக்காகக் கவலைப்பட்டுக் கட்டுரையைச் சுருக்கி எழுதாதீர்கள். திருத்திய தாள் கைக்கு வந்ததும், கருத்தைப் பற்றி ஆசிரியர் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். பிழைகளில் திரும்பத் திரும்ப வரும் இரண்டை மட்டும் எடுத்து, அடுத்த தாளில் அவற்றைக் குறிவைத்துத் திருத்துங்கள்.

இதெல்லாம் நல்ல வகுப்பாக இருந்தால்தான் கிடைக்கும். எப்படித் தெரியும்? நீளமான கட்டுரைகளைப் படிக்கச் சொல்கிறார்களா, ஒரே கட்டுரையை இரண்டு மூன்று முறை திருத்தி எழுத வைக்கிறார்களா என்று பாருங்கள். பருவம் முழுக்கக் கோடிட்ட இடத்தை நிரப்புவதே வேலை என்றால், உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அப்போது வெளியேற முயற்சி செய்யுங்கள், நானே அதைத்தான் சொல்வேன்.

அவமானம் என்கிறீர்கள். பாடத்தையும் மொழியையும் ஒரே நேரத்தில் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள், தம்பி. பக்கத்து வகுப்பில் பலருக்கு அந்த இரண்டாவது வேலை இல்லை. இதில் தலைகுனிய ஒன்றுமில்லை.

பருவம் வீணாகுமா என்ற கேள்விக்குக் கல்லூரிக்குக் கல்லூரி பதில் மாறும். சில இடங்களில் இந்த வகுப்பு வழக்கமான முதலாண்டு ஆங்கிலத்துக்குச் சமம், கிரெடிட்டும் அதேதான். வேறு சில இடங்களில் கட்டணம் உண்டு, பட்டத்துக்கான கணக்கில் சேராது. இன்னும் சில இடங்களில் இரண்டையும் ஒரே பருவத்தில் சேர்த்துப் படிக்க விடுவார்கள். இந்த வாரமே ஆலோசகரிடம் போய், கிரெடிட் பட்டத்தில் சேருமா, இதற்குப் பின் எந்த வகுப்பு கட்டாயம், உதவித்தொகை பாதிக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரத் தேர்வு தவறாக எடைபோடுவதும் உண்டு. பல ஆசிரியர்கள் முதல் வாரத்தில் வகுப்பிலேயே ஒரு கட்டுரை எழுதச் சொல்வார்கள். அதை முழு மூச்சோடு எழுதுங்கள். உங்கள் எழுத்து அந்த வகுப்பின் தரத்தை மிஞ்சியது என்று ஆசிரியருக்கே பட்டால், அவர் சொல்லி மாற்றுவது நீங்கள் மனுப் போடுவதைவிட எளிது. பாடம் மாற்றக் கடைசித் தேதி பல கல்லூரிகளில் பருவம் தொடங்கிய ஓரிரு வாரத்திலேயே முடிந்துவிடும். அந்தத் தேதியைத் தெரிந்துகொண்டு, அதற்கு முன்பே அவரைப் போய்ப் பாருங்கள்.