கொலைகாரன் யாரென்று மட்டும் சொல்ல மாட்டேன்: த்ரில்லர், காமெடி படங்கள் பற்றிக் கேள்வி பதில்

குத்தாலத்தில் இருந்துகொண்டு மாயவரம் பக்கமும் கும்பகோணம் பக்கமும் பஸ் ஏறிப் படம் பார்க்கிறவன் நான். முப்பது வருடப் பழக்கம். த்ரில்லரும் காமெடியும் என்றால் தேடிப் போவேன், மற்ற படங்களுக்கு யாராவது கூப்பிட்டால் போவேன். சமீபத்தில் வந்த படங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். எந்தப் படத்தின் முடிவையும் உடைக்கவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

மன்னார்குடித் தம்பி: அண்ணே, 'மகாராஜா'வைத் தலையில் வைத்து ஆடினார்கள். எனக்கு முதல் பாதி முழுக்கக் குப்பைத்தொட்டி, குப்பைத்தொட்டி என்றே ஓடியது. அப்படி என்ன இருக்கிறது அதில்?

அந்தக் குப்பைத்தொட்டியில்தான் தம்பி எல்லாமே இருக்கிறது. படம் வந்தது 2024 ஜூன் 14. அந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் ஜூன் 12 அன்று அணை திறக்கவில்லை, ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். ஆற்றுத் தண்ணீரை நம்பியிருந்தவர்கள் குறுவை போடாமல் உட்கார்ந்திருந்த நாட்கள், நான் போன மேட்னியில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். விஜய் சேதுபதி காதில் கட்டோடு ஸ்டேஷனுக்கு வந்து 'லட்சுமியைக் காணோம்' என்கிறார். யார் லட்சுமி என்றால் இரும்புக் குப்பைத்தொட்டி. அதை ஒரு போலீஸ்காரரிடம் சொல்கிறார், அடுத்தவரிடம் சொல்கிறார், இன்ஸ்பெக்டரிடம் சொல்கிறார், ஒவ்வொரு முறையும் அதே வார்த்தை, அதே ஏற்ற இறக்கம். எனக்குப் பக்கத்து சீட்டுப் பெரியவர் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார். இடைவேளைக்குப் பிறகு அதே பெரியவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

நித்திலன் சாமிநாதன் என்ன செய்திருக்கிறார் என்றால், நம்மைச் சிரிக்க விட்டு அந்தச் சிரிப்புக்குப் பின்னால் கதையின் காலக்கணக்கை ஒளித்து வைத்திருக்கிறார். சிரித்துக்கொண்டிருக்கிறவன் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று கணக்குப் பார்க்க மாட்டான். ஒரு நல்ல த்ரில்லரை இரண்டாவது தடவை பார்க்க முடிய வேண்டும் என்பது என் அளவுகோல். 'மகாராஜா'வை இரண்டாவது தடவை பார்த்தபோது, முதலில் சிரித்த அதே ஸ்டேஷன் காட்சி தாங்க முடியாததாக இருந்தது. ஒருமுறை பார்த்துப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள். ஒரு குறை எனக்கும் உண்டு. பெண்ணுக்கு எதிரான கொடுமையை வைத்துத்தான் கதையை நகர்த்த வேண்டுமா என்ற கேள்வி வெளியே வந்த பிறகும் என்னை விடவில்லை. படம் பிடித்திருக்கிறது என்பதற்காக அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

கும்பகோணம் அக்கா: ஆறாவது படிக்கிற பையனோடு 'மகாராஜா' பார்க்கலாமா?

வேண்டாம் அக்கா. யு/ஏ என்று போட்டிருந்தாலும் வேண்டாம். இப்போது வருகிற படங்களுக்கு யு/ஏவுக்குள்ளேயே 7, 13, 16 என்று வயது போட்டுச் சான்றிதழ் தருகிறார்கள், டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

திருவாரூர் நண்பர்: 'ராட்சசன்' பெரிதா, 'போர் தொழில்' பெரிதா?

பயமுறுத்துவதில் 'ராட்சசன்'. 2018இல் அதைப் பார்த்துவிட்டு ரெண்டாவது ஆட்டம் முடிந்து பைக்கில் தனியாக வர முடியாமல் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் எழுத்து என்று வந்தால் நான் 'போர் தொழில்' பக்கம். பாரதியின் புதிய ஆத்திசூடியில் 'போர்த்தொழில் பழகு' என்று ஒரு வரி உண்டு. இந்தப் படமும் ஒருவன் பழகுகிற கதைதான். அசோக் செல்வன் புத்தகத்தில் எல்லாம் படித்தவர், ஆனால் உள்ளுக்குள் பயந்தவர். சரத்குமார் எல்லாம் பார்த்தவர், யாரையும் பக்கத்தில் சேர்க்காதவர். கொலையைக் கண்டுபிடிப்பது ஒரு பக்கம் ஓட, இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டுபிடிப்பது இன்னொரு பக்கம் ஓடுகிறது, அதனால்தான் கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகும் படம் இறங்கவில்லை. நிறைய த்ரில்லர்கள் அங்கேதான் படுத்துவிடும். முகமூடியைக் கழற்றியதும் பத்து நிமிட ஃபிளாஷ்பேக், சின்ன வயதில் அடித்தார்கள், அதனால் கொலை செய்தேன் என்று முடித்துவிடுவார்கள். விக்னேஷ் ராஜா அந்தக் காரணத்தையே கேள்வி கேட்கிறார், அடிபட்ட எல்லோரும் கொலைகாரன் ஆகிவிட்டார்களா என்று. அதற்கு மேல் சொன்னால் படம் பார்க்காதவர்களுக்குக் கெட்டுவிடும்.

கதை நடப்பது திருச்சியில். நமக்குப் பழகிய ஊரை இருட்டில் காட்டினால் வருகிற பயமே வேறு.

பட்டுக்கோட்டை நண்பர்: 'பார்க்கிங்' படத்தைக் காமெடி என்று நினைத்துப் போனேன், கடைசியில் கைகால் நடுங்கியது. அது என்ன வகை?

த்ரில்லர்தான், அதுவும் நம் பக்கத்து ஆட்களுக்கு நன்றாகப் புரிகிற த்ரில்லர். ஒரே வீடு, கீழே பல வருடமாகக் குடியிருக்கும் அரசு அதிகாரி எம்.எஸ். பாஸ்கர், மாடிக்குப் புதிதாக வரும் ஹரிஷ் கல்யாண், கார் நிறுத்த ஒரே இடம். இதற்கா இவ்வளவு என்று பட்டணத்துக்காரர்கள் கேட்கலாம். வரப்புத் தகராறு பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். ஒரு சாண் வரப்பை யார் வெட்டினார்கள் என்று ஆரம்பித்து, மடையை அடைத்து, தண்ணீரை மறித்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகாமல் இருந்து, முப்பது வருடம் கோர்ட்டுக்கு நடந்த அண்ணன் தம்பிகளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். வரப்பு அப்படியேதான் இருந்தது, ஆட்கள்தான் போய்விட்டார்கள். அந்தப் படத்தில் எம்.எஸ். பாஸ்கர் காரை வெறித்துப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை நான் வயலில் பார்த்திருக்கிறேன். தமிழின் சிறந்த படம், சிறந்த திரைக்கதை, அவருக்குத் துணை நடிகர் விருது என்று 71வது தேசிய விருதுகளில் மூன்று கிடைத்தபோது நம் வீட்டு விசேஷம் போல இருந்தது எனக்கு.

வேதாரண்யம் நண்பர்: 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் ஈழத்துப் பேச்சை வைத்து காமெடி செய்தது உங்களுக்கு உறுத்தவில்லையா?

போவதற்கு முன்னால் எனக்கும் அந்தப் பயம் இருந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கோடியக்கரையிலிருந்து அந்தக் கரை எவ்வளவு பக்கம், இலங்கை வானொலி கேட்டே வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. அந்தப் பேச்சைக் கேலி செய்திருந்தால் நான் இடைவேளையிலேயே எழுந்து வந்திருப்பேன். ஆனால் படத்தில் சிரிப்பு வருவது அந்தப் பேச்சால் இல்லை, அதை மறைக்க வேண்டியிருப்பதால். சசிகுமாரும் சிம்ரனும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக் காலனி ஒன்றில் குடியேறுகிறார்கள், யாரோடும் அதிகம் பேசக் கூடாது, ஊரைச் சொல்லக் கூடாது என்று முடிவு. ஆனால் அந்த மனிதருக்கு அடுத்த வீட்டுக்காரரிடம் பேசாமல் இருக்க வரவில்லை. வாய் திறந்தால் மாட்டிக்கொள்வார், திறக்காமலும் இருக்க முடியாது. நாம் சிரிக்கிறோம், சிரிக்கும்போதே ஐயோ மாட்டிக்கொள்ளப் போகிறார்களே என்று வயிறும் கலங்குகிறது. இதைத்தான் நான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், த்ரில்லரும் காமெடியும் ஒரே தொழில். பார்க்கிறவனுக்கு ஒன்று தெரியும், படத்தில் இருக்கிற ஆளுக்கு அது தெரியாது, அந்த இடைவெளியை எவ்வளவு நேரம் தாங்க வைக்கிறாய் என்பதுதான் இரண்டுக்கும் வேலை.

குறை என்று பார்த்தால், காலனியில் கடைசியில் எல்லோருமே நல்லவர்களாகிவிடுவது கொஞ்சம் அதிகம். முதல் படம் எடுக்கிற இளைஞர் அபிஷன் ஜீவிந்த், மனிதர்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறார். வைத்துக்கொள்ளட்டும்.

தஞ்சாவூர் நண்பர்: கவுண்டர் காமெடி செத்துவிட்டதா சார்? 'குடும்பஸ்தன்' மாதிரிப் படங்கள்தான் இனி ஓடுமா?

ஒருத்தர் சொன்னதும் சுடச்சுடப் பதிலடி கொடுக்கிற கவுண்டர் சாகவில்லை. 2023இல் 'டிடி ரிட்டர்ன்ஸ்' எவ்வளவு சிரிக்க வைத்தது என்று நினைத்துப் பாருங்கள். பேய் பங்களாவுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் விளையாடியே ஆக வேண்டும், தோற்றால் உயிர் போய்விடும் என்று ஒரு கட்டாயம் இருந்தது, அதனால் சந்தானத்தின் கவுண்டருக்கு நிற்க ஒரு தரை கிடைத்தது. தரை இல்லாமல் வெறும் கவுண்டர் மட்டும் என்றால் முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு யாரும் சிரிப்பதில்லை.

'குடும்பஸ்தன்' முழுக்கத் தரைதான். வேலை போய்விட்டது, வீட்டில் சொல்ல முடியாது, அதற்காக ஒரு கடன், அதை அடைக்க இன்னொரு கடன். குறுவைக்கு நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்து, சம்பாவுக்கு அதை மீட்க வேறு இடத்தில் வாங்கி, பொங்கலுக்குள் திருப்பிவிடலாம் என்று நினைத்தவர்களுக்கு மணிகண்டனின் அந்த முகம் தெரிந்த முகம். கதை கோயம்புத்தூரில் நடக்கிறது, பேச்சும் அந்தப் பக்கத்துப் பேச்சுதான், ஆனாலும் இங்கே ஒரு இடத்திலும் சிரிப்பு குறையவில்லை. குரு சோமசுந்தரம் மச்சானாக வந்து தன் பெருமையைத் தானே பேசிக்கொண்டிருக்கும் இடங்களில், பின்வரிசையில் ஒரு குடும்பத்தில் எல்லோரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். அந்த வீட்டு மாப்பிள்ளையாக இருக்க வேண்டும்.

நீடாமங்கலம் நண்பர்: எங்கள் ஊர்ப் படம் 'மெய்யழகன்' பற்றி ஒரு வார்த்தை?

அது த்ரில்லரும் இல்லை, காமெடியும் இல்லை, ஆனாலும் கேட்டதற்காகச் சொல்கிறேன், வெளியான பிறகு 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள், வெட்டியிருக்கவே கூடாது. முழுசாகப் பார்த்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

நாகப்பட்டினம் நண்பர்: 'மாரீசன்' இரண்டாம் பாதி ஏன் இறங்கியது?

நாகர்கோவிலில் இருந்து திருவண்ணாமலைக்கு ஒரு பைக், ஒரு திருடன், ஞாபகம் நழுவுகிற ஒரு பெரியவர். முதல் பாதியில் வடிவேலுவும் ஃபகத் ஃபாசிலும் பேசிக்கொண்டே போகிற அந்த வழி அருமை. வடிவேலு சும்மா வெளியே பார்த்துக்கொண்டிருப்பார், இவர் ஏமாறுகிறாரா ஏமாற்றுகிறாரா என்று நமக்குத் தெரியாது. அது தெரியாத வரைக்கும் படம் படமாக இருந்தது. அப்புறம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், சொல்லச் சொல்ல இறுக்கம் போய்விட்டது. வடிவேலுவுக்காகப் பாருங்கள், அவர் குறை வைக்கவில்லை.

சீர்காழி நண்பர்: த்ரில்லரில் பாட்டு தேவையா?

தேவையில்லை. 1954லேயே 'அந்த நாள்' பாட்டே இல்லாமல் வந்துவிட்டது.

காரைக்கால் நண்பர்: பன்னிரண்டு வருடம் கழித்து வந்த 'மத கஜ ராஜா' எப்படி ஓடியது? நம் மக்களுக்குப் பழைய காமெடிதான் பிடிக்கிறதா?

2013 பொங்கலுக்கு வர வேண்டியது 2025 பொங்கலுக்கு வந்தது, வந்த வேகத்தில் கொட்டகை நிறைந்தது. பழசு என்பதால் இல்லை என்று நினைக்கிறேன். யாரையும் திருத்தாமல், பாடம் எதுவும் சொல்லாமல், சிரிக்க மட்டும் வைத்தது, அறுப்பு வேலைக்கு நடுவில் வந்தவர்களுக்கு அது போதும். மனோபாலா பிணமாகக் கிடக்க அவரை உயிரோடு இருப்பது போல ஆட்டி வைக்கிற காட்சியில் கொட்டகையே அதிர்ந்தது. நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சிரித்து முடித்ததும், மனோபாலா 2023இலேயே போய்விட்டாரே என்று ஞாபகம் வந்தது. மணிவண்ணனும் அதில் இருக்கிறார். இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லையே என்று வீடு வரும் வரைக்கும் மனசு பாரமாக இருந்தது.

காரைக்காலில் இருந்து கேட்பதால் ஒன்று. கே.ஏ. தங்கவேலு உங்கள் மண்ணின் ஆள். 'கல்யாணப் பரிசு' படத்தில் வேலை இல்லாததை மறைத்து மன்னார் அண்டு கம்பெனி என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டு திரிவாரே, 1959இல் அவர் செய்ததற்கும் 'குடும்பஸ்தன்' செய்ததற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது, சொல்லுங்கள்.

திருத்துறைப்பூண்டி நண்பர்: நான்கு வாரத்தில் ஃபோனில் வந்துவிடுகிறது. எதற்காகத் தியேட்டர்?

பக்கத்து சீட்டுக்காரருக்காக. காமெடிக்குக் கூட்டம் வேண்டும், த்ரில்லருக்கு அமைதியான கூட்டம் வேண்டும், இரண்டும் ஃபோனில் கிடைக்காது. ஆனால் தியேட்டர்காரர்களும் மனசு வைக்க வேண்டும். நம் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில், பெயர் வேண்டாம், 'போர் தொழில்' பார்த்தபோது இடது பக்க ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. அந்தப் படமே சத்தத்தில்தான் இருக்கிறது, யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்பது காதுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். போய்ச் சொன்னேன், அடுத்த ஷோவுக்குள் பார்க்கிறோம் என்றார்கள். இன்னொரு டிக்கெட் எடுத்து வேறு ஊரில் திரும்பப் பார்த்தேன்.

மயிலாடுதுறை நண்பர்: என் மச்சான் எந்தப் படமாக இருந்தாலும் முதல் நாள் பார்த்துவிட்டு முடிவைச் சொல்லிவிடுகிறார். என்ன செய்வது?

அவருக்கு முந்தின ஷோவுக்குப் போங்கள். இல்லையென்றால் உட்கார வைத்து மரியாதையாகச் சொல்லுங்கள், மச்சான், இதை எழுத ஒருவர் இரண்டு வருடம் உட்கார்ந்திருப்பார், நீங்கள் அதை ஒரு வரியில் எடுத்துவிடுகிறீர்கள் என்று. புரியும்.

பாபநாசம் கல்லூரித் தம்பி: ஒரு த்ரில்லர் குறும்படம் எழுதுகிறேன் அண்ணா. ட்விஸ்ட் வரவில்லை. எந்தப் படத்தைப் பார்க்கட்டும்?

ட்விஸ்டை விடு தம்பி, அது கடைசியில் தானாக வரும். 1964இல் வந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' எடுத்துக்கொள். காமெடிப் படம்தான், பரவாயில்லை. நாகேஷ் டைரக்டர் ஆகப் போகிறேன் என்று பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற காட்சி வரும். ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு கேள், கதவு திறக்கிற சத்தத்தையும் காற்றையும் வாயாலேயே எப்படிக் கொண்டுவருகிறார் என்று கவனி. பேயே வராது, வரப்போகிறது என்பது மட்டும்தான் அங்கே இருக்கும். அப்புறம் சத்தத்தை மொத்தமாக நிறுத்திவிட்டுத் திரும்ப ஓட்டு. இந்தத் தடவை நாகேஷைப் பார்க்காதே, பாலையாவின் முகத்தை மட்டும் பார். எந்த நொடியில் அவர் பயப்பட ஆரம்பிக்கிறார் என்று நிறுத்திக் குறித்துக்கொண்டு வந்து எனக்குச் சொல், உன் ஸ்கிரிப்டை அங்கிருந்து பேசுவோம்.