ஒரு சமன்பாடு பொருந்தினால் போதுமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன் சார். ப்ராஜெக்ட்டுக்காகக் கண்டக்டர் 11 கொண்ட நீள்வட்ட வளைவரை ஒன்றின் எல்-சார்பைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். சார்புச் சமன்பாடு 20 தசம இடம்வரை பொருந்துகிறது. "ஆகவே, மறுதலைத் தேற்றப்படி இது மாடுலர் வடிவத்திலிருந்து வந்தது" என்று எழுதலாமா?

பதில்: முடிவு சரி மக்களே, அந்த "ஆகவே"தான் தப்பு. சின்னதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வடசேரி சந்தையில் யாரும் மட்டிப்பழம் என்று நம்பி வாங்குவதில்லை. மணத்தையும் பார்ப்பார்கள்.

எல்-சார்பு என்பது கெழுக்களை வரிசையாக வைத்துக் கட்டிய தொடர். அதன் ஒரு பக்கத்து மதிப்பை மறுபக்கத்து மதிப்போடு இணைப்பது சார்புச் சமன்பாடு, அதில் வரும் முழு எண்தான் கண்டக்டர். மாடுலர் வடிவத்தின் பக்கத்தில் அதே எண்ணை லெவல் என்பார்கள். மாடுலர் வடிவம், அதாவது மேல் அரைத்தளத்தில் பல சமச்சீர்கள் கொண்ட சார்பு, கையில் இருந்தால், மெல்லின் உருமாற்றம் வழியே எல்-சார்பும் அதன் சமன்பாடும் வந்துவிடும். அந்த வழியிலேயே திரும்பி வரலாமா என்பதுதான் மறுதலை. 1936-ல் ஹெக்கே என்ற கணிதர் வந்து காட்டினார். உங்கள் கெழுக்களை வைத்து மேல் அரைத்தளத்தில் ஒரு ஃபூரியே தொடர் எழுதுங்கள். மாறியோடு 1 கூட்டினால் தொடர் மாறாது. இது சும்மா கிடைப்பது. சார்புச் சமன்பாடு இன்னொரு சமச்சீரைத் தருகிறது: லெவல் 1-ல், மாறியைத் தலைகீழாக்கிக் குறி மாற்றுவது. இவை இரண்டே முழு மாடுலர் குலத்தையும் உருவாக்கிவிடும். அதனால் ராமானுஜனின் டௌ சார்புக்கு (லெவல் 1 வடிவம் ஒன்றின் கெழுக்கள் அவை) ஒரே சமன்பாடு போதும். லெவல் 4 வரை இதே கதைதான்.

அதைத் தாண்டினால் குலம் மெலிந்துவிடுகிறது. 11-ல் உங்கள் சமன்பாட்டை நிறைவு செய்யும், ஒன்றையொன்று சாராத தொடர்கள் முடிவில்லாமல் உண்டு. உங்களுடையது அதில் எது என்று அந்த 20 தசமம் சொல்லாது.

1967-ல் வெய்ல் கேட்ட கூடுதல் சாட்சிதான் ட்விஸ்ட். (முறுக்கு என்று எழுதினால் டீக்கடை நினைவு வரும், அப்படியே விடுகிறேன்.) 3-ஆல் வகுத்து மீதி 1 வரும் இடத்துக் கெழுவை அப்படியே வையுங்கள், மீதி 2 என்றால் குறி மாற்றுங்கள், மீதியில்லை என்றால் பூஜ்யம். புதுத் தொடருக்கும் சமன்பாடு வேண்டும், ஆனால் கண்டக்டர் 11 அல்ல, 11×9 = 99. 99-க்குப் பதில் 11 போட்டுவிட்டு "பொருந்தவில்லை" என்று வருகிறவர்கள் உண்டு. 5, 7 என்று வேறு பகா எண்களுக்கும் இப்படியே வேண்டும். கூடவே, சார்புகள் கலப்பெண் தளம் முழுக்க நீண்டு, செங்குத்துப் பட்டைகளில் வரம்புக்குள் நிற்க வேண்டும். இந்த நிபந்தனையைத்தான் எல்லோரும் எழுத மறக்கிறார்கள்.

ஆய்லர் பெருக்கலை (எல்-சார்பைப் பகா எண்ணுக்கு ஒரு காரணி என்று பெருக்கி எழுதுவது) வைத்து ட்விஸ்டைத் தவிர்க்கும் வழியைச் சில சிறிய லெவல்களுக்குக் கான்ரியும் ஃபார்மரும் 1995-ல் தந்தார்கள். 3×3 அணிகளின் குலத்துக்கு 1979-லேயே மறுதலைத் தேற்றம் வந்துவிட்டது. உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு அது தேவையில்லை.

எவ்வளவு ட்விஸ்ட் சோதித்தாலும் கணினி தருவது நம்பிக்கை, நிரூபணம் அல்ல. எனவே விகிதமுறு எண்கள் மேலான எல்லா நீள்வட்ட வளைவரைகளும் மாடுலர் என்று 2001-ல் முழுமையடைந்த தேற்றத்தை மேற்கோள் காட்டி அந்த வரியை முடியுங்கள். எடை 2, லெவல் 11-ல் முனைவடிவம் (முனைகளில் பூஜ்யமாகும் மாடுலர் வடிவம், cusp form), முதல் கெழு 1 என்று வைத்தால், ஒன்றே ஒன்றுதான். அதன் 2, 3, 5, 7-ஆம் கெழுக்கள் −2, −1, 1, −2. உங்கள் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். நிரூபணமும் சொந்தமாக எழுத ஆசை என்றால் டௌவை எடுத்து ஹெக்கேயின் வாதத்தை முழுக்க எழுதுங்கள். பத்துப் பக்கத்தில் அடங்கும், வைவாவில் தடுமாறவும் மாட்டீர்கள்.