எந்த ஆழ்கற்றல்? முதுமாணி ஆய்வுக்கு இலக்கிய மீளாய்வைத் திட்டமிடுதல்

கேள்வி: அட்டனுக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். கல்வியியலில் முதுமாணிப் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறேன். "நிகழ்நிலைக் கற்றலும் ஆழ்கற்றலும்" என்பது தலைப்பு. இலக்கிய மீளாய்வின் வரைவை மூன்று மாதத்தில் தரச் சொல்கிறார் மேற்பார்வையாளர். கூகுள் ஸ்காலரில் தேடினால் பாதி கல்வியியல், பாதி கணினி விஞ்ஞானம். வார இறுதியில்தான் நேரம் கிடைக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: நீங்கள் தேடிய முறையில் தவறில்லை. சிக்கல் தலைப்பில் இருக்கிறது. அதிலுள்ள இரண்டு சொற்றொடர்களுக்குமே இரண்டிரண்டு பொருள்.

கல்வியியலில் ஆழ்கற்றல் என்ற பேச்சு 1976இல் சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஃபெரென்ஸ் மார்ட்டனும் ரோஜர் சால்யோவும் மாணவர்களிடம் ஒரு பனுவலை வாசிக்கக் கொடுத்து, எப்படி வாசித்தார்கள் என்று விசாரித்தார்கள். சிலர் வரிகளை நினைவில் வைக்கப் பார்த்தார்கள். சிலர் எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று தேடினார்கள். முதலாவதை மேலோட்ட அணுகுமுறை என்றும் இரண்டாவதை ஆழ்நிலை அணுகுமுறை என்றும் பிரித்துப் பேசும் வழக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது. கணினிக்காரர்களின் டீப் லேர்னிங் வேறு. அது பல அடுக்குகள் கொண்ட நரம்பு வலையமைப்பு, அதாவது தரவிலிருந்து தானே கற்கும் ஒருவகைக் கணினி மாதிரி. லெகுன், பெஞ்சியோ, ஹின்டன் மூவரும் 2015இல் நேச்சர் இதழில் எழுதிய மீளாய்வை அந்தத் துறையில் எல்லோரும் காட்டுவார்கள். "ஆன்லைன் லேர்னிங்" என்பதற்கும் அங்கே தனிப்பொருள் உண்டு: தரவு ஒவ்வொன்றாக வரவர கணினி மாதிரியைத் திருத்திக்கொண்டே போவது. வகுப்பறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தமிழில் எழுதும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது, ஏனென்றால் இரண்டு டீப் லேர்னிங்கையும் நாம் ஆழ்கற்றல் என்றே எழுதுகிறோம். ஆய்வேட்டின் முதற்பக்கத்திலேயே ஒன்றை "ஆழ்நிலை அணுகுமுறை" என்றும் மற்றதை "ஆழ் நரம்பு வலையமைப்பு" என்றும் பெயரிட்டுவிடுங்கள்.

ஆகவே முதல் வாரம் தேடவே வேண்டாம். கேள்வியைத் தீர்மானியுங்கள். நிகழ்நிலை வகுப்பில் மாணவர் ஆழ்நிலை அணுகுமுறையை எடுக்க எவை உதவுகின்றன என்று கேட்கலாம். அல்லது, நிகழ்நிலையில் படிப்பவர் இடைவிலகுவதையும் பெறுபேற்றையும் நரம்பு வலையமைப்புகள் எவ்வளவு நம்பகமாக முன்கணிக்கின்றன என்று கேட்கலாம். இரண்டையும் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும்; மூன்று மாதத்துக்குள் அது இரண்டு மீளாய்வுகளின் வேலை. கல்வியியலில் பதிந்த ஓர் ஆசிரியைக்கு முதலாவதையே நாங்கள் உறுதியாகச் சொல்வோம். வகுப்பறையை அறிந்த கண் அதில் பயன்படும்.

நேரக் கணக்கையும் இப்போதே போடுங்கள். தேடலில் 400 கட்டுரைச் சுருக்கங்கள் வந்தால், ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஏறக்குறைய 7 மணி. அதில் 60 கட்டுரைகளை முழுதாகத் திறந்து 20 நிமிடம் வீதம் பார்த்தால் 20 மணி. கடைசியில் நிற்கும் 25 கட்டுரைகளை இரண்டு மணி நேரம் வீதம் ஊன்றி வாசித்தால் 50 மணி. மொத்தம் 77 மணி. வார இறுதியில் 8 மணி கிடைத்தால் பத்து வாரம் அதற்கே போய்விடும். எழுத மிஞ்சுவது கொஞ்சம்தான். 400க்குப் பதில் 1,500 வந்தால் உழைப்பைக் கூட்டாதீர்கள், கேள்வியைச் சுருக்குங்கள்: இடைநிலை மாணவர் மட்டும், அல்லது ஆசிரியர் பயிற்சி மட்டும் என்று.

தேடற்சரம்

தேடற்சரம் என்பது தேடற்பெட்டியில் இடும் சொற்கோவை. அதை மூன்று கூறுகளாகக் கட்டுங்கள். சொற்களை ஆங்கிலத்தில் தட்டச்சிட வேண்டும்; ஒவ்வொரு தொடரும் இரட்டை மேற்கோளுக்குள் இருக்க வேண்டும். முதற்கூறு சூழல்: "ஆன்லைன் லேர்னிங்", "ஈ-லேர்னிங்", "டிஸ்டன்ஸ் எஜுகேஷன்", "பிளெண்டட் லேர்னிங்". இரண்டாவது, தேடும் பொருள்: "டீப் அப்ரோச்", "சர்ஃபேஸ் அப்ரோச்", "அப்ரோச்சஸ் டு லேர்னிங்", "காக்னிடிவ் பிரெசன்ஸ்". மூன்றாவது, யார்: மாணவரைக் குறிக்கும் சொற்கள். ஒரு கூறுக்குள் இருப்பவற்றை "ஓர்" (OR) கொண்டும், கூறுகளை "அன்ட்" (AND) கொண்டும் இணைத்து, கூறு ஒவ்வொன்றையும் அடைப்புக்குறிக்குள் வையுங்கள்.

கவனியுங்கள், இரண்டாம் கூறில் "டீப் லேர்னிங்" இல்லை. "அப்ரோச்" என்ற சொல்லே கணினிக் கட்டுரைகளில் பெரும்பகுதியை வாசலில் நிறுத்திவிடும். "நாட்" (NOT) போட்டு "நியூரல் நெட்வொர்க்" என்பதை விலக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், அச்சொல்லை ஒரேயொரு வரியில் குறிப்பிடும் நல்ல கல்வியியல் கட்டுரையும் அதோடு போய்விடும். "காக்னிடிவ் பிரெசன்ஸ்" ஏன் என்றால், கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் 2000இல் முன்வைத்த விசாரணைச் சமூகம் என்ற சட்டகத்தில் சிந்தனையின் ஆழத்துக்கு அந்தப் பெயர்தான். அதை விட்டால் நிகழ்நிலைக் கலந்துரையாடல்களை ஆராய்ந்த ஒரு முழுப் பரம்பரை உங்கள் கண்ணில் படாது.

சரத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கட்டாயம் வர வேண்டிய ஐந்து கட்டுரைகளை மேற்பார்வையாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சரத்தை ஓடவிட்டதும் ஐந்தும் வருகின்றனவா? வராத கட்டுரையின் தலைப்பிலும் சுருக்கத்திலும் உள்ள சொற்களைப் பாருங்கள். விட்டுப்போன ஒத்த சொல் அங்கே இருக்கும்.

முதன்மைத் தேடலை எரிக் தரவுத்தளத்தில் செய்யுங்கள். அது இலவசம், கல்வியியலுக்கே உரியது. இலங்கை ஆய்விதழ்களுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளம். கூகுள் ஸ்காலர் எத்தனை ஆயிரம் சொன்னாலும் முதல் 1,000ஐ மட்டுமே காட்டும். அதே தேடலை நாளை செய்தால் அதே வரிசை வரும் என்ற உறுதியும் இல்லை. ஒரு நல்ல கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பின்தொடர்வதற்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தேடலுக்கும் திகதி, தரவுத்தளம், சரம், வந்த எண்ணிக்கை ஆகிய நான்கையும் அன்றே எக்செல்லில் பதியுங்கள். மீளாய்வை எப்படி அறிக்கையிடுவது என்று சொல்லும் பிரிஸ்மா 2020 வழிகாட்டியின் பாய்வு வரைபடத்துக்கு இந்த எண்கள் வேண்டும். பிறகு நினைவிலிருந்து நிரப்ப முடியாது. தனியாளாகத் தெரிவு செய்வதால், முதலில் பார்த்தவற்றில் பத்தில் ஒன்றை இரண்டு வாரம் கழித்து, பழைய முடிவைப் பார்க்காமல் மறுபடி தெரிவு செய்யுங்கள். முடிவுகள் மாறினால் உங்கள் சேர்ப்பு விதி தெளிவாக இல்லை என்று பொருள்.

அட்டவணை

தெரிவான கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வீதம் ஓர் அட்டவணையை நிரப்புங்கள். மீளாய்வின் தரம் இங்கேதான் தீர்மானமாகிறது. ஆசிரியர், ஆண்டு, முறை, முடிவு என்று நான்கு நிரல்களோடு நிறுத்தினால் "இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்" என்ற பட்டியல்தான் மிஞ்சும். இன்னும் மூன்று நிரல்கள் சேருங்கள்: ஆழத்தை எதைக்கொண்டு அளந்தார்கள், மதிப்பீடு எப்படிப்பட்டது, மாணவர் கையில் என்ன சாதனம்.

அளவுகோல் நிரலில் ஜோன் பிக்ஸும் சகாக்களும் 2001இல் வெளியிட்ட 20 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்து அடிக்கடி வரும். அதை ஒருமுறை கொடுத்துவிட்டு "இவர் ஆழமான மாணவர், அவர் மேலோட்டமானவர்" என்று முத்திரை குத்தும் கட்டுரைகளைக் குறித்து வையுங்கள். அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று அதை ஆக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள். ஒரே பிள்ளை விஞ்ஞானத்தில் பொருள் தேடும். வரலாற்றில் மனப்பாடம் செய்யும்.

மதிப்பீட்டு நிரல் ஏன்? எப்படிப்பட்ட கேள்வி வரும் என்று எதிர்பார்க்கிறாரோ அதற்கேற்ப வாசிக்கும் விதமும் மாறும் என்று மார்ட்டனும் சால்யோவும் 1976இலேயே காட்டினார்கள். ஆனாலும் பல கட்டுரைகள் பல்தேர்வு வினாவை விட்டு ஒப்படைக்கு மாறிய விளைவை, நிகழ்நிலைத் தளத்தின் விளைவாக எழுதிவிடுகின்றன. இந்த நிரலை நிரப்பினால் அது உங்களுக்குத் தெரிந்துவிடும். உங்கள் மீளாய்வின் சொந்த வாதம் அங்கிருந்து பிறக்கலாம்.

2020, 2021 கட்டுரைகளுக்குத் தனி அடையாளம் இடுங்கள். திட்டமிட்ட நிகழ்நிலைக் கற்பித்தல் வேறு, பாடசாலை மூடியதால் அவசரத்தில் நடந்த தொலைக் கற்பித்தல் வேறு என்று 2020 மார்ச்சிலேயே ஹாட்ஜஸும் சகாக்களும் எழுதினார்கள். இரண்டையும் கலந்து சராசரி சொன்னால் எதைப் பற்றியும் சொன்னதாகாது.

கணினிப் பக்கமே போவதானால்

அதே அட்டவணையில் நிரல்களை மாற்றுங்கள்: எந்தத் தரவு, எதோடு ஒப்பிட்டார்கள், எந்த அளவை, எந்த வாரத் தரவோடு கணித்தார்கள். ஓர் உதாரணம்: மாணவர் அடுத்த கேள்விக்குச் சரியாக விடையளிப்பாரா என்று நரம்பு வலையமைப்பால் கணிக்கும் டீப் நாலெட்ஜ் டிரேசிங் கட்டுரை 2015இல் வந்தது; அசிஸ்ட்மென்ட்ஸ் என்ற நிகழ்நிலைப் பயிற்சித் தளத்தின் தரவில் ஏயூசி (கணிப்புத் திறனின் அளவை; 1 என்றால் பிழையே இல்லை) 0.86 என்றது. 2016இல் வேறு ஆய்வாளர்கள் அந்தத் தரவில் ஒரே பதிவு திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார்கள். அதை நீக்கியதும் பெறுமானம் இறங்கியது. அதே ஆண்டு இன்னொரு குழு, நிகழ்தகவை அடிப்படையாகக் கொண்ட பழைய பேசியன் முறையைச் சற்று விரித்தாலே ஏறத்தாழ அதே திறன் கிடைப்பதைக் காட்டியது. 2015ஐ மட்டும் வாசித்தவர் எழுதும் மீளாய்வு தவறாகவே போகும். இடைவிலகலில் இன்னொரு பொறி உண்டு: 100 பேரில் 90 பேர் சித்தியடைந்தால், எல்லோரும் சித்தி என்று சொல்லும் வெற்று மாதிரிக்கும் 90 வீதத் துல்லியம் கிடைக்கும்.

மலையகத்தின் நிரல்

சாதன நிரலை இறுதிவரை கைவிடாதீர்கள். இத்துறையில் அதிகம் பயன்படும் தரவுகளில் ஒன்று பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்துடையது: 32,593 மாணவர், ஒரு கோடிக்கு மேற்பட்ட சொடுக்குப் பதிவுகள். லயத்தில் அப்பாவின் ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்து, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி, வாட்ஸ்அப்பில் வந்த கொப்பிப் படத்தைப் பார்த்து எழுதிய பிள்ளைக்குச் சொடுக்குப் பதிவே கிடையாது. அப்படிப்பட்ட சூழலை உங்கள் 25 கட்டுரைகளில் எத்தனை எடுத்துப் பேசுகின்றன என்று எண்ணி, அந்த எண்ணை அப்படியே எழுதுங்கள். பூச்சியம் வந்தாலும் எழுதுங்கள். ஆய்வு இடைவெளி என்று நீங்கள் காட்டப்போவதற்கு அதுவே ஆதாரம்.

சிக்னல் சிக்கல் உங்களுக்கும் இருக்கும். வளாகத்துக்குப் போகும் நாளில், அல்லது நூலகரிடம் வெளியிலிருந்து அணுகும் வழியைக் கேட்டு, பிடிஎஃப்களை ஒரே தடவையில் இறக்கி, கட்டுரைகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஸோட்டெரோ மென்பொருளில் சேருங்கள்; இணையம் இல்லாமலும் வாசிக்கலாம். அதன் இலவச மேகச் சேமிப்பு 300 எம்பிதான். கோப்புகளைக் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் வையுங்கள். சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கட்டுரைப் பட்டியல் கேட்டால் இல்லாத கட்டுரையும் வரும். ஒவ்வொன்றின் டிஓஐ எண்ணையும் (கட்டுரைக்கே உரிய நிலையான இணைய அடையாளம்) நீங்களே திறந்து பார்த்த பிறகுதான் அட்டவணையில் ஏற்றுங்கள்.

இரண்டாம் வார முடிவில் கேள்வியை ஒரு வாக்கியமாகவும், சரத்தையும், ஐந்து வரிகள் நிரப்பிய அட்டவணையையும் மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். நிரல் மாற்ற வேண்டுமென்றால் ஐந்து வரியில் மாற்றுவது அரை மணி வேலை. இருபத்தைந்தில் என்றால் இரண்டு வார இறுதிகள் போகும்.