கீமோவோடு சேர்த்து என்ன செய்யலாம்? கேள்வி பதில்

புற்றுநோய் வார்டிலும் அப்புறம் வலி நிவாரணப் பிரிவிலும் நர்ஸாக வேலை பார்ப்பவள் நான். மருந்தோடு சேர்த்துச் செய்கிற மசாஜ், யோகா, அக்குபிரஷர் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நோயாளிகள், கூட இருப்பவர்கள், எங்களைப் போன்ற ஊழியர்கள் என்று எல்லோரிடமிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன.

கேள்வி: சிஸ்டர், அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோவை உடம்பு தாங்காது, மூலிகையே போதும் என்று பெரியப்பா பிடிவாதமாக இருக்கிறார். (மகள், சேலம்)

பதில்: கீமோவை நிறுத்தாதீர்கள் அம்மா. யேல் பல்கலைக்கழக மருத்துவர்களின் ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேரை, முறையாகச் சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு அதிகம். மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். பெரியப்பாவிடம் இந்தக் கணக்கையே சொல்லுங்கள்.

சரி, கீமோவோடு சேர்த்துக் கொடுக்கலாமே என்பார். டாக்டரைக் கேட்காமல் அதுவும் வேண்டாம். சீந்தில் என்ற மூலிகையைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. கல்லீரல் கெட்டால் அடுத்த கீமோ தள்ளிப்போகும். குழம்பில் போடுகிற மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். மஞ்சள் மாத்திரை வேறு விஷயம், அதில் அளவு பல மடங்கு. ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் டப்பாவோடு ஓ.பி.க்கு எடுத்துப்போய்க் காட்டுங்கள். திட்டுவார்கள் என்று மறைத்துவிடாதீர்கள்.

கேள்வி: மசாஜ் செய்தால் கட்டி பரவுமாமே? அப்பாவுக்குக் கை பிடித்துவிடவே பயமாக இருக்கிறது. (மகன், நாகர்கோவில்)

பதில்: தாராளமாகப் பிடித்துவிடுங்கள் தம்பி. மென்மையாகத் தடவிவிடுவதால் புற்றுநோய் பரவும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இந்தப் பயத்தாலேயே வீட்டு ஆட்கள் யாரும் தொடாமல் மாதக்கணக்கில் கிடக்கும் நோயாளிகள் இருக்கிறார்கள். ஊசி போடவும் பிரஷர் பார்க்கவும் நாங்கள் தொடுவதுதான் அவர்களுக்குக் கிடைக்கிற ஒரே தொடுகை. எனக்கு அது தாங்கவே முடியாத விஷயம்.

அப்பாவின் கைக்கு அடியில் தலையணை வையுங்கள். நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உங்கள் உள்ளங்கையில் விட்டுச் சூடு வரும்வரை தேய்த்துக்கொள்ளுங்கள். முதலில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீளமாக, மெதுவாகத் தடவுங்கள். பிறகு அவருடைய உள்ளங்கையில் கட்டைவிரலால் சின்னச் சின்ன வட்டம். கடைசியாக ஒவ்வொரு விரலாக, அடியிலிருந்து நுனி வரை. முகத்துக்குப் பவுடர் பூசுகிற அளவு அழுத்தம் போதும். கைக்கு ஐந்து நிமிடம். டிவியை அணைத்துவிடுங்கள், பில் எவ்வளவு ஆயிற்று என்ற பேச்சும் அப்போது வேண்டாம். இரண்டாவது கைக்கு வருவதற்குள் பலர் தூங்கிவிடுவார்கள்.

ட்ரிப்ஸ் ஏறும் கை, கட்டி இருக்கும் இடம், கரண்ட் (ரேடியேஷன்) வைத்த தோல், நோய் பரவிய எலும்பு, இவற்றை விட்டுவிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்க்காமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 50,000-க்குக் கீழே இறங்கியிருந்தால் தேய்ப்பது வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலே போதும்.

கேள்வி: கீமோ போட்ட அன்றைக்கு ஒரே குமட்டல். அழுத்தினால் அது குறையும் என்று மணிக்கட்டில் ஏதோ அக்குபிரஷர் புள்ளி இருக்கிறதாமே? (மதுரை)

பதில்: இருக்கிறது. மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக உங்கள் மூன்று விரல் அகலம் தள்ளி, உள்பக்கம் நடுவில் ஓடும் இரண்டு தசைநாண்களுக்கு இடையே. கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள். சிலருக்குக் குமட்டல் கொஞ்சம் குறைகிறது. ஆனால் டாக்டர் எழுதிக்கொடுத்த வாந்தி மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டே இதைச் செய்யுங்கள்.

கேள்வி: அக்காவுக்கு மல்லிகை என்றால் உயிர். வார்டுக்குள் பூவை விடமாட்டேன் என்கிறார்கள். மல்லிகைத் தைலமாவது கொண்டுபோகலாமா? (திண்டுக்கல்)

பதில்: வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் ஈரப்பூவில் இருக்கும் கிருமிகூட ஆபத்து, அதனால்தான் தடுக்கிறார்கள். தைலத்தைப் பஞ்சில் ஒரு சொட்டு விட்டு மோந்து பார்க்கலாம். தோலில் நேரடியாகப் பூசக் கூடாது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும், கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, கீமோ நாளில் மல்லிகை வேண்டாம். குமட்டலும் அந்த வாசனையும் மனதில் ஒன்றாக ஒட்டிக்கொண்டால், பிறகு அக்காவுக்கு மல்லிகையே பிடிக்காமல் போய்விடும். அன்றைக்கு எலுமிச்சை போதும்.

கேள்வி: ரேடியேஷன் போகும்போது யோகா செய்யலாமா? (ஈரோடு)

பதில்: டாக்டர் சரி என்றால் செய்யலாம். பெங்களூரு விவேகானந்தா யோகா பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையமும் சேர்ந்து, மார்பகப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்த 163 பெண்களை ஆராய்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டன. யோகா செய்தவர்களால் அன்றாட வேலைகளை மற்றவர்களைவிட நன்றாகச் செய்ய முடிந்தது. எலும்பில் நோய் பரவியிருந்தால் குனிவதும் முதுகை முறுக்குவதும் கூடாது. உட்கார்ந்தபடி மூச்சுப் பயிற்சி மட்டும்.

கேள்வி: வீட்டுக்காரரின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துப் படுத்து என் முதுகு போய்விட்டது, தூக்கமும் இல்லை. அவர் அவ்வளவு கஷ்டத்தில் இருக்கும்போது எனக்கு ஏதாவது கேட்பது தப்பா? (தஞ்சாவூர்)

பதில்: தப்பே இல்லை அக்கா, கட்டாயம் கேளுங்கள். அவருக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பது, வலி கூடுவதை முதலில் கவனிப்பது எல்லாம் நீங்கள்தான். வெளிநாடுகளில் பல புற்றுநோய் மையங்களில் கூட இருப்பவர்களுக்கும் மசாஜ் உண்டு. இங்கும் அது வர வேண்டும். அதுவரை தினமும் அரை மணி நேரமாவது வேறு யாரையாவது உட்காரவைத்துவிட்டு வெளியே நடந்துவிட்டு வாருங்கள். இரவு படுத்ததும் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். அவருக்குக் கை பிடித்துவிட்டால், முடிகிற அன்றைக்கு உங்கள் கையையும் அவர் பிடித்துவிடட்டும். தன்னாலும் ஒன்று செய்ய முடிகிறது என்று அவருக்கும் இருக்கும்.

கேள்வி: நான் ஸ்டாஃப் நர்ஸ். ஒரே ஷிப்டில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். முகம் கழுவிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன். வீட்டுக்கு வந்தும் அழுகை வரவில்லை.

பதில்: அன்றைக்கு உங்களோடு யாரும் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, அதுதான் கொடுமை தங்கச்சி. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜொனதன் பார்டெல்ஸ் என்ற நர்ஸ் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். ஒருவர் இறந்ததும், அறையில் இருக்கும் டாக்டர், நர்ஸ் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள். இவர் வாழ்ந்தவர், நேசிக்கப்பட்டவர் என்று ஒருவர் சொல்வார். பிறகு வேலைக்குத் திரும்புவார்கள். இதற்குப் பணமும் வேண்டாம், தனி ஆளும் வேண்டாம். உங்கள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், அன்று டியூட்டியில் இருக்கும் இன்னொருவரோடு நீங்கள் இருவர் மட்டுமாவது நில்லுங்கள். வாரக்கணக்கில் இப்படியே மரத்துப்போய் இருந்தாலோ தூக்கம் வராவிட்டாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.