மாட்டுக்கறியை மாவில் தோய்த்துப் பொரித்தால் ரப்பர் மாதிரி ஆகிறதே, ஏன்?

அமெரிக்க வீடியோ ஒன்றைப் பார்த்து 'ஃபிங்கர் ஸ்டேக்' செய்தேன், மேல்மாவு மொறுமொறுவென்று வந்தது, உள்ளே கறியை மெல்லவே முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மாவில் தப்பு இல்லை, கறியில்தான். வியாசர்பாடியில் எங்கள் அத்தை சாயங்காலம் பீஃப் வண்டி போட்ட காலத்தில் பக்கத்தில் நின்று கறி நறுக்கியவன் நான், அந்த உரிமையில் சொல்கிறேன்.

ஃபிங்கர் ஸ்டேக் ஐடாஹோ மாநிலத்துப் பண்டம், பாய்சி நகரத்தில் பேர் வாங்கியது. அங்கே சாப்பாட்டுக்கென்றே வளர்த்த இளம் மாட்டின் கறியை விரல் நீளத்துக்கு வெட்டி, பச்சையாகவே மாவில் முக்கிப் பொரிக்கிறார்கள். நம் ஊர் கதை வேறு. தமிழ்நாட்டின் 1958ஆம் வருடச் சட்டப்படி 10 வயது தாண்டி வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாது, இல்லையென்றால் காயம், ஊனம், தீராத நோயால் நிரந்தரமாக முடங்கிவிட்டது என்று சான்றிதழ் வாங்கிய மாட்டைத்தான் வெட்டலாம். உழைத்து ஓய்ந்த மாட்டின் சதை நாலு நிமிட எண்ணெய்க்கு மசியுமா?

அதனால் முதலில் வேக வையுங்கள். அரை கிலோ எலும்பில்லாத தொடைக்கறியைப் பெரிய துண்டுகளாகவே குக்கரில் போட்டு, இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள், உப்போடு நாலைந்து விசில் விட்டு இறக்குங்கள். குத்திப் பார்த்தால் கத்தி இறங்க வேண்டும், ஆனால் கறி உதிரக் கூடாது. தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், மிளகு தட்டிப் போட்டால் அருமையான சூப்.

நன்றாக ஆறியபிறகு நறுக்குங்கள், சூட்டில் நறுக்கினால் பிய்ந்துவிடும். கறியில் நார் ஓடும் திசை தெரியும், அதற்குக் குறுக்கே கத்தி போக வேண்டும். நாரோடு சேர்த்து நீளவாக்கில் வெட்டினால் எவ்வளவு வெந்திருந்தாலும் பல்லில் சிக்கும். நான் முதல் தடவை வெட்டிக் கொடுத்ததைத் தின்றுபார்த்த அத்தை, "இத்த வச்சு செருப்பு தைக்கலாம்டா" என்றார்.

அப்புறம் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, காய்ந்த மைதாவில் ஒரு புரட்டு. இதை விட்டுவிட்டால் எண்ணெயில் போட்டதும் மாவு சட்டை கழன்ற மாதிரி தனியாகப் போய்விடும், எனக்குப் பாதி வாணலி அப்படிப் போயிருக்கிறது. கரைசலுக்கு மைதா நாலு ஸ்பூன், கார்ன்ஃப்ளவர் இரண்டு, அரிசி மாவு ஒன்று, ஒரு முட்டை, மிளகாய்த்தூள், உப்பு, கரம் மசாலா. ஐஸ் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பஜ்ஜி மாவைவிடக் கொஞ்சம் தளரக் கரையுங்கள், ரொம்ப அடித்தால் மேல்மாவு இறுகிவிடும்.

கறிதான் ஏற்கெனவே வெந்துவிட்டதே, மாவு வெந்தால் போதும். நடுத்தரச் சூட்டில் பொரித்து எடுத்து, ஐந்து நிமிடம் விட்டு, எண்ணெயை நன்றாகக் காயவைத்து மறுபடி ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். ஒரே நேரத்தில் வாணலி நிறைய போட்டால் சூடு இறங்கி எண்ணெய் குடிக்கும்.

ஐடாஹோவில் உருளைக்கிழங்கு ஃப்ரைஸும் காக்டெயில் சாஸும் வைப்பார்கள். எங்கள் வண்டியில் மந்தாரை இலையில் நாலு துண்டு, மேலே வெங்காயம், ஒரு பிழி எலுமிச்சை, பொரித்த கறிவேப்பிலை. கெட்சப் கேட்கிறவர்களுக்கும் கொடுப்போம், ஆனால் அத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.